நாற்பது வரட்டும்

மார்ச் 17, திங்கள்

அக்கா,

சனிக்கிழமையிலிருந்து ஏழு தடவை போன் பண்ணிவிட்டேன். ஏழு தடவையும் வெட்டிவிட்டாய். எட்டாவது தடவை மணியே அடிக்கவில்லை, என் நம்பரையே அடைத்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். போகட்டும், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. அம்மாவைக் கொண்டுபோன வண்டியை ஓட்டும் அண்ணன் தினமும் இந்தத் தெரு வழியாகத்தான் உங்கள் பிணவறைக்குப் போகிறாராம். ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு இந்தக் காய்ச்சல் இப்போதுதான் வந்து போயிருக்கிறது, அதனால் பயமில்லை என்கிறார்.

எனக்குக் காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருக்கிறது. இன்னும் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது என்று சுகாதார ஆபீஸ்காரர் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார். நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, தலைக்கு வைக்க இன்னொரு தலையணை எடுக்க அடுத்த அறைக்குப் போனேன். போன இடத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடம்பு முழுக்க மூடிய உடுப்பில் இரண்டு பேர் அம்மாவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் இருங்க, ஒரே நிமிஷம்" என்று கத்தினேன். என் குரல் வெளியே வரவில்லையோ என்னவோ, அவர்கள் திரும்பவே இல்லை. நாள் முழுக்க ஜிப் வைத்துத் தைக்கிறவள் நான். இப்போது ஜிப் இருக்கிற துணியை எடுத்தால் அப்படியே கீழே வைத்துவிடுகிறேன்.

குளிர் அறைக்கு நீதான் பொறுப்பு, சாவி உன் கையில் இருக்கிறது. நான் வெளியே வரும்வரை அம்மாவை வைத்திரு. அடக்கத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு. வேறெதையும் உன்னிடம் கேட்கமாட்டேன்.

தங்கச்சி


மார்ச் 18, செவ்வாய்

உன் கடிதம் கிடைத்தது. கையுறை போட்டுக்கொண்டுதான் பிரித்தேன்.

உன் குரலைக் கேட்டால் அந்த இருமலும் சேர்ந்து கேட்கிறது, அதனால்தான் போனை வெட்டினேன். ஆறாம் தேதி வியாழக்கிழமை நான் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து நீ இருமிக்கொண்டிருந்தாய். மாஸ்க் இல்லை. "என்னடி இருமல்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, தூசி" என்றாய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். நான் வருகிறேன் என்றதற்கு, "நீ வராதே, நான் பாத்துக்கறேன்" என்றாய். நன்றாகப் பார்த்துக்கொண்டாய். பதினொரு வருஷமாக அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று வாய்க்கு வாய் சொல்லிக் காட்டுவாயே, அந்தப் பதினொரு வருஷத்தையும் ஒரே இருமலில் ஊதித் தள்ளிவிட்டாய்.

முகம் பார்க்கவேண்டுமா? கிருமி இருக்கிற உடம்பை மூடிய பையோடுதான் ஒப்படைக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. உயிர் போனால் கிருமியும் கூடவே போய்விடும் என்று நினைத்துக்கொள்ளாதே. மூச்சு நின்ற பிறகும் அது மூக்கிலும் தொண்டையிலும் நெஞ்சிலும் தெரியும். எத்தனை நாள் தெரிகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஐந்து வருஷமாக இறந்தவர்களின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கும் தினமும் எடுக்கிறேன். உனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். மெஷின் அந்தக் குச்சியில் இருப்பதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கித் தேடும். கிருமி நிறைய இருந்தால் இருபது சுற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் முப்பது, முப்பத்தைந்து என்று போகும். நாற்பது சுற்று தேடியும் மாட்டவில்லையென்றால் கிருமி இல்லை என்று எழுதிவிடலாம். ஞாயிறு 22. திங்கள் 23. இன்று 23.

நாற்பது வரட்டும், முகத்தைக் காட்டுகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். உன்னிடம் கேட்கக்கூடாது என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். அம்மா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

அக்கா


மார்ச் 20, வியாழன்

அக்கா,

நீ கையுறை போட்டுப் பிரித்தாய், நான் மாஸ்க் போட்டு எழுதினேன். நம் இருவரையும் போல சுத்தக்காரிகளை இந்த ஊரில் காட்ட முடியாது.

அன்றைக்கு நான் இருமியது வாஸ்தவம். பள்ளிக்கூடத்துக்கு அறுபது கம்பளிக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி பட்டதும் கம்பளித் தூள் எழும்பி மூக்கிலும் தொண்டையிலும் அடைக்கும். வருஷா வருஷம் இந்த ஆர்டர் வரும்போது நான் இருமுவதை நீயும் கேட்டிருக்கிறாய். இருந்தாலும் நீ முறைத்துவிட்டுப் போனாய் என்பதற்காக மறுநாளே கடையில் டெஸ்ட் பெட்டி வாங்கிப் பார்த்தேன். ஒற்றைக் கோடுதான் வந்தது. பெட்டிமேல் தேதி எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தது பன்னிரண்டாம் தேதி, அம்மாவுக்கு வந்து மூன்று நாள் கழித்து.

இதற்குமேல் இதைப் பற்றி என் வாயைக் கிளறாதே. அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டாய். சொன்னாள். சனிக்கிழமை காலையில், மூச்சு வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "பெரியவகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்து, உனக்கென்று ஒன்று சொன்னாள். மூன்றே வார்த்தை. அதை உனக்குத் தருகிறேன். நீ எனக்கு அம்மா முகத்தைக் காட்டு. தங்கச்சி பேரம் பேசுகிறாளே என்று நினைப்பாய். ஆமாம், பேரம்தான். வேறு எந்த வழியையும் நீ விட்டுவைக்கவில்லையே.

இன்று எத்தனை?

தங்கச்சி


மார்ச் 21, வெள்ளி

அம்மா சொன்னதை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் வியாபாரம் பண்ணுகிறாய். உனக்கு வேறென்ன வரும்?

ஒற்றைக் கோடாம். வீட்டு டெஸ்ட்டில் ஒற்றைக் கோடு வருவதற்கு நூறு காரணம் இருக்கிறது. குச்சியை மூக்கு நுனியில் தடவியிருப்பாய், ஆழமாக விட்டால் வலிக்குமே.

அன்றைக்கு நடந்தது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்று அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். முடித்ததும் வழக்கம்போல முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தேன். அப்போது நீ ஓடிவந்து, "அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே பாலைத் தீய விட்டிருக்கியே, வீடு பூரா நாத்தம்!" என்று என்மேல் பாய்ந்தாய். கத்தும்போதே இருமினாய். அம்மா முகத்துக்கு நேரே இருமினாய். அதை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன், நன்றாகக் கேட்டுக்கொள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு கையுறை, இரண்டு மாஸ்க், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் டீ மேஜைக்கே போவேன். ஐந்து வருஷத்தில் ஒரு பிணத்திடமிருந்து ஒரு துளியைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பிணங்களுக்கு நடுவில் நான் இருந்த சுத்தத்தில் பாதி, கம்பளிக்கு நடுவில் நீ இருந்திருக்கலாம்.

நேற்று 23. இன்று 24. ஏறுகிறது, பார்த்தாயா? காத்திரு. தினமும் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 24, திங்கள்

அக்கா,

சனி 24, ஞாயிறு 25. தையல் மெஷினுக்கு மேலே சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன். கணக்கில் நான் எப்போதும் மக்குதான், ஆனால் ஒரு வாரத்தில் மூன்று ஏறினால் நாற்பதுக்கு இன்னும் ஐந்து வாரம் ஆகும் என்பது எனக்கே தெரிகிறது. ஆகட்டும். அதுவரை அம்மாவைக் கைவிடாதே. காலையில் எழுந்ததும் ஜன்னலில் போய் நின்றுவிடுகிறேன். வண்டியண்ணன் துண்டுக் காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தே எண் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். அவர் பாவம், பிரித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

நேற்று அம்மாவுக்கு ஒரு சட்டை தைக்க ஆரம்பித்தேன். நல்ல மெல்லிய பருத்தி, வெள்ளையில் சின்னச் சின்ன நீலப் பூ. கழுத்திலிருந்து கால்வரை பொத்தான்தான் வைக்கப்போகிறேன், ஜிப் வேண்டாம். பையைத் திறக்கிற அன்றைக்கு நீ போட்டுவிடவேண்டும். கழுத்துப் பட்டைக்கு அளவு வெட்டத்தான் காகிதம் தீர்ந்துபோயிற்று. பரணில் நீ எப்போதோ கொடுத்த பழைய ஆபீஸ் காகிதக் கட்டு ஒன்று இருக்கிறது, அதைத்தான் இறக்கவேண்டும்.

அக்கா, நமக்குள் என்ன இருந்தாலும் இருக்கட்டும். நீ தினமும் குச்சி எடுக்கும்போது அம்மாவைப் பார்க்கிறாயே. எப்படி இருக்கிறாள்? அதையாவது எழுது.

தங்கச்சி


மார்ச் 25, செவ்வாய்

நேற்று 24. இன்று 23. இறங்கிவிட்டது. சுவரில் அழித்து எழுது.

நீ ஜன்னலில் நிற்கிறாய் என்று ஓட்டுநர் சொன்னார். நில். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியபோது, நீ வராதே என்றதால் நானும் என் அறை ஜன்னலில் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒருவரும் துண்டுக் காகிதம்கூடக் கொண்டுவந்து தரவில்லை.

சட்டையைத் தைத்து முடி. போட முடியாமல் போனால் நீயே வைத்துக்கொள்.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதமாட்டேன். அது எனக்கு மட்டும் இருக்கட்டும். உன்னிடம் மூன்று வார்த்தை இருக்கிறது, என்னிடம் முகம் இருக்கிறது.

மூன்று வார்த்தை என்றால், கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? அதை மட்டும் எழுது. வேண்டாம், எழுதவேண்டாம்.

அக்கா


மார்ச் 26, புதன்

அக்கா,

இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார். பின்பக்கம் அச்சடித்திருப்பது யாருடையது என்று தெரிகிறதா? மேல் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருப்பதற்கு மன்னிக்கவும், அம்மாவின் கழுத்துப் பட்டை அங்கேதான் வந்தது.

கட்டை இறக்கி, மேலே கிடந்த பக்கத்தில் அளவு போட்டு, கத்தரியை வைத்த பிறகுதான் உன் பேர் கண்ணில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ எழுதிக் கொடுத்த அறிக்கை. நாற்பத்தொரு உடம்பு. குளிர் அறையில் முப்பத்தைந்து நாள்வரை குச்சி எடுத்துப் பார்த்திருக்கிறாய். "எண் ஒன்றிரண்டு கூடிக் குறைவதைத் தவிர மாற்றமில்லை. கடைசி நாள்வரை கிருமியின் தடயம் தெரிந்தது" என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். நான் தையல்காரிதான், ஆனால் படிக்கத் தெரியும்.

நாற்பது வராது என்று முதல் நாளே உனக்குத் தெரியும்! தெரிந்துகொண்டே தினமும் ஒரு துண்டுக் காகிதத்தை அனுப்பி, ஏறுது பார், இறங்குது பார் என்று என்னை ஆட்டிவைத்திருக்கிறாய். நான் குரங்கு மாதிரி சுவரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பக்கத்தையும் படித்தேன். "தடயம் தெரிகிறது என்பதாலேயே பரவும் என்று ஆகாது. மாஸ்க் போட்ட உறவினருக்கு ஆறடி தள்ளி நிறுத்தி, பையைக் கழுத்துவரை திறந்து முகம் காட்டலாம். காட்டவேண்டும்." காட்டவேண்டும் என்பதற்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறாய். ஊரார் அம்மாவுக்கெல்லாம் கோடு போட்டாய், நம் அம்மாவுக்கு ஜிப்பை இழுத்துவிட்டாய்.

சரி, நீ வாக்கை இப்படித்தான் வைத்துக்கொள்வாய் என்றால் நான் மட்டும் எதற்குக் காப்பாற்றவேண்டும்? கேட்டுக்கொள்.

அன்றைக்குப் பால் தீய்ந்தது. பாத்திரம் கரியாகிப் புகை வருகிறது. நான் கம்பளித் தூசிக்குள் மூக்கடைத்து உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே நாற்றம் வந்துவிட்டது. நீ அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறாய், உனக்குத் தெரியவில்லை. நான் கத்தியபோதுகூட "எங்கேடி நாத்தம்?" என்றாய். நீ போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அவளுக்கு மூக்கு போயிருக்குடி. அவளுக்குத்தான் வந்திருக்கு. என் மூஞ்சியப் பிடிச்சு முத்தம் வேற குடுத்துட்டுப் போறா. எனக்கு ஏதாவது ஆனா அவகிட்ட சொல்லிடாதே. தாங்கமாட்டா" என்றாள். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். காய்ச்சல் வந்ததும் உன்னை வரவேண்டாம் என்றதும் அவள்தான். நீ வந்து, நாள் கணக்குப் போட்டு, கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தாள்.

உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இன்று காலையில் வண்டியண்ணன் ஜன்னலில் நின்று உன் புகழ் பாடினார். "உங்கக்கா மாதிரி சுத்தம் யாருக்கு வரும்மா? ஒண்ணாந்தேதி டீ மேஜையில நான் லொக்கு லொக்குனு இருமிக்கிட்டு அவங்களுக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தேன். மறுநாளே படுக்கையில விழுந்துட்டேன். அவங்களுக்கு ஒரு தும்மல்கூட வரல பாருங்க" என்றார். டீ குடிக்க மாஸ்கைக் கழற்றித்தானே வைத்திருப்பாய்? பிணத்துக்கு முன்னால் இரண்டு மாஸ்க் போட்டாய். இருமுகிற மனுஷனுக்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. பிணம் இருமாது, அக்கா.

பதினோரு நாள் இதை வாயில் அடக்கிக்கொண்டு உன் திட்டெல்லாம் வாங்கினேன். அம்மா முகத்துக்காகத்தான் வாங்கினேன். இனி அவசியமில்லை.

தங்கச்சி


மார்ச் 28, வெள்ளி

நூல்கண்டு,

அம்மா உன்னைக் கூப்பிடுகிற பேரை நான் எழுதக்கூடாதுதான். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை நம்பவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பொய் என்று காட்டுவதற்காகவே ஒரு காரியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பிணவறையில் வேலை செய்கிற எல்லோருடைய எச்சிலையும் குழாயில் எடுத்துச் சோதிக்கவேண்டும். எடுப்பதும் நான்தான், மெஷினில் வைப்பதும் நான்தான். மற்றவர்களுடையதை வைத்துவிட்டு என்னுடையதை எப்போதும் ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எனக்கு எங்கே வரப்போகிறது என்ற எண்ணம்தான். மார்ச் ஏழாம் தேதிக் குழாய் அங்கேயே இருந்தது. நேற்று எடுத்து மெஷினில் வைத்து ஓட்டினேன்.

பத்தொன்பது.

ஏழாம் தேதி, பத்தொன்பது. அம்மாவைப் பிடித்து முத்தம் கொடுத்த மறுநாள். மெஷின் தப்பு என்று இரண்டாம் தடவை ஓட்டினேன், அதே பத்தொன்பது. அந்த வாரம் குளிர் அறைக்குள் போனபோது வழக்கமான வாடை இல்லை. புது மருந்து போட்டுக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கழுவின பையனை மெச்சிக்கூடப் பேசினேன்.

நாற்பது வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நீ தினமும் காத்திருந்து தினமும் ஏமாறவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டாலும் நீ தரமாட்டாய்.

உன் பத்து நாள் நேற்றோடு முடிந்தது. நாளை காலை பத்து மணிக்கு வா. சட்டையை இன்று மாலைக்குள் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு, நானே போட்டுவிடுகிறேன். உள்ளே நீ மட்டும் போ. எவ்வளவு நேரம் வேண்டுமோ நில். நான் வெளியே இருப்பேன். அதன் பிறகு அடக்கம்.

பேரத்தில் என் பங்கை முடித்துவிடுகிறேன். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிடு. திட்டாக இருந்தாலும் சரி. எனக்கு அது வேண்டும்.

அக்கா


மார்ச் 30, ஞாயிறு

அக்கா,

நேற்று மண் போடும்போது நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பேசியிருந்தால் கத்தியிருப்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவைப் பார்த்தேன். சட்டை அளவு சரியாக இருந்தது. மேல் பொத்தானை இரண்டாவது துளையில் மாட்டியிருந்தாய். பிணவறைப் பொறுப்பாளி தடுமாறியிருக்கிறாள் என்று புரிந்தது. ஆறடிக் கோட்டைத் தாண்டிப் போய்ச் சரிசெய்ய எனக்குத் தோன்றியது, நின்றுகொண்டேன். தலையை வாரி விட்டிருந்தாய். அதற்காக உன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

பிறகு மூக்கைப் பார்த்தேன். இடது மூக்கின் ஓரத்தில் தோல் உரிந்து, காய்ந்து பழுப்பாகியிருந்தது. குச்சி உரசின இடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எடுத்தபோதே கிருமி இருப்பது உனக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பத்துத் தடவை எதற்கு, அக்கா? எனக்கு ஒரு எண் எழுதி அனுப்புவதற்காக அம்மா மூக்கில் பத்துத் தடவை குச்சியை விட்டிருக்கிறாய். வந்த இரக்கம் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

அம்மாவைக் கொன்றாய் என்று உன்னைச் சொல்லமாட்டேன். நீ தெரிந்து கொடுக்கவில்லை. அம்மாவும் அப்படி நினைக்கவில்லை. நான் மன்னிக்காதது அதற்குப் பிறகு தெரிந்தே செய்ததை.

அம்மா உனக்குச் சொன்ன மூன்று வார்த்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. பேரப்படி உனக்குத் தரவேண்டியதுதான், தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஏழாம் தேதிக் குழாயைத் திரும்பவும் ஃப்ரீசரில்தானே வைத்திருப்பாய்? தினமும் ஒரு சொட்டு எடுத்து மெஷினில் வை. வருகிற எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வண்டியண்ணனிடம் கொடுத்தனுப்பு. நான் ஜன்னலில் நிற்கிறேன்.

நாற்பது வரட்டும், சொல்கிறேன்.

தங்கச்சி